விளையாட்டின் நடுவே நம் பிள்ளை யாரோடு பேசுகிறான்?



தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலும், பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு என்பது ஓர் அறையே. தகப்பனார் இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்து உறங்குவதும், தாயார் மறுநாள் டிபனுக்கு மாவு ஆட்டுவதும், பத்தாம் வகுப்புப் பிள்ளை காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மெல்லிய குரலில் யாருடனோ பேசுவதும் அதே அறையில்தான். "யாருப்பா அது?" என்று தாய் கேட்டால், "பிரெண்டும்மா" என்பது பதில். "பள்ளிக்கூடத்துப் பையனா?" என்று மறுபடி கேட்டால், "இல்ல, கேம்ல" என்கிறான். உரையாடல் அத்தோடு நின்றுவிடுகிறது. விளையாட்டுக்குள் எப்படி ஒரு சிநேகிதன் இருக்க முடியும் என்பது அந்தத் தாய்க்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்லப் பிள்ளைக்கும் பொறுமை இல்லை.

நம் நாட்களில் விளையாட்டு என்றால் தெருவில் கபடி, கிட்டிப்புள், கிரிக்கெட். ஆட்டம் முடிந்தபின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேசிய பேச்சு ஆட்டத்தைவிட நீளமானது. இக்காலப் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் கைப்பேசிக்குள் இருக்கிறது. நகரத்து நெருக்கடியில் தெருவும் இல்லை, திடலும் இல்லை. இருந்தாலும் அங்கே கூடுகிற பிள்ளைகள் நிலைத்திருப்பதில்லை. தில்லி ஜங்புரா அருகே பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கே வீடு ஒதுக்கப்பட்டது. அதுவும் நகரின் வடகோடியில், நரேலாவில். மற்றவர்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள் அப்படிச் சிதறும்போது, மறுபடியும் ஒன்றாய்க் கூடி விளையாட அவர்களுக்கு எஞ்சும் இடம் கைப்பேசியே என்றால் அதில் வியப்பில்லை. ஆகவே "போனைத் தூக்கி எறி" என்று சொல்வதற்கு முன்பு, அதற்குள் இருப்பது என்ன என்று நாம் பார்த்தாக வேண்டும்.

முதலில் அந்த விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். 2018இல் கைப்பேசிக்கு வந்த பப்ஜி, நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசிவரை உயிரோடு நிற்பவரோ நிற்கும் அணியோ வெல்லும் போர் விளையாட்டு. நால்வர் சேர்ந்து ஓர் அணியாக ஆடலாம். ஆடும்போது ஒருவருக்கொருவர் குரலால் பேசிக்கொள்ளலாம். "வலப்பக்கம் ஆள் வருகிறான்", "என்னிடம் மருந்து இருக்கிறது, வா" என்று சொன்னால்தான் ஜெயிக்க முடியும். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கொரியாவின் கிராப்டன் நிறுவனம் அதே விளையாட்டை இந்தியாவுக்கென்று மாற்றி பிஜிஎம்ஐ என்ற பெயரில் வெளியிட்டது. 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டும் திரும்பியது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே ஆடலாம், பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்ற கட்டுப்பாடுகளும் உடன் வந்தன. (பிள்ளைகளின் கைப்பேசிகள் பெரும்பாலும் அப்பாவின் எண்ணிலேயே இயங்குகின்றன. கணக்கைத் திறக்கும்போது பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுவிட்டால், ஏட்டின்படி நள்ளிரவில் துப்பாக்கியோடு தீவில் ஓடிக்கொண்டிருப்பவர் ஐம்பது வயதுத் தகப்பனார்!)

ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரை மணி நேரம் போகும். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நால்வரும் காத்திருக்கும் கூடத்தை லாபி என்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டிய பேச்சு அங்கேதான் நடக்கிறது. தேர்வில் எத்தனை மதிப்பெண், புதிதாய் வந்த படம் எப்படி, எங்கள் தெருவில் மூன்று நாளாய்த் தண்ணீர் வரவில்லை, என் அண்ணனுக்கு வேலை போய்விட்டது என்று எல்லாம் அங்கே பேசப்படும். நாளடைவில் இந்த நால்வர் நாற்பதாகி, நானூறாகி, தங்களுக்கென்று ஒரு குழு அமைத்துக்கொள்கிறார்கள். அதற்கென்றே 2015இல் தொடங்கப்பட்டது டிஸ்கார்டு என்னும் செயலி. விளையாட்டு ஆடுபவர்கள் ஆடிக்கொண்டே பேச வேண்டும் என்பதற்காக உருவானது, இன்று எல்லாவற்றையும் பேசும் இடமாகிவிட்டது. ஒரு குழுவுக்குள் பல அறைகள் இருக்கும். ஓர் அறையில் விளையாட்டு, ஓர் அறையில் திரைப்படம், ஓர் அறையில் நாட்டு நடப்பு, இன்னோர் அறையில் வெறும் குரல் அரட்டை. ஒழுங்கு காப்பவர்களுக்கு மாடரேட்டர் என்று பெயர். இவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத வாலிபர்கள். பலர் தாங்களே கல்லூரி மாணவர்கள். யாரை உள்ளே விடுவது, எந்தச் சொல்லை அழிப்பது, யாரை வெளியேற்றுவது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. ஒரு குழு நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் இந்த நாலைந்து பேர் எப்படிப்பட்டவர்கள் என்பதைப் பொறுத்தது. பெற்றோர் எவரும் அவர்கள் பெயரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதில் நமக்கு மட்டுமே உரிய ஒன்றும் உண்டு. மும்பையில் பிறந்த தமிழ்ப் பிள்ளை பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் கற்கிறான். தமிழ் அவனுக்கு வீட்டில் கேட்கும் நெல்லைத் தமிழும், ஆராதனையில் கேட்கும் வேதாகமத் தமிழும் மட்டுமே. இரண்டுக்கும் நடுவே, சமவயதுப் பிள்ளைகள் சிரித்துப் பேசும் தமிழ் அவனுக்கு வாய்ப்பதில்லை. அதை அவன் யூடியூபில் தமிழில் விளையாடிக் காட்டுபவர்களிடமும், அவர்களைச் சுற்றிக் கூடும் கூட்டத்திலும் கேட்கிறான். கோவைப் பையனின் பேச்சும், மதுரைப் பையனின் கேலியும், மலேசியத் தமிழும், ஈழத்தமிழும் ஒரே மாலையில் காதில் விழுகின்றன. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறான். அது நம் கண்ணுக்கு அலங்கோலமாகத் தெரியலாம். ஆனால் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வளரும் மூன்றாம் தலைமுறைக்கு, பேச்சுத் தமிழாவது உயிரோடு இருக்கிறதென்றால் அதில் இந்தக் குழுக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இதை மறைப்பது நியாயமன்று.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். நம் வீடுகள் பலவற்றில் சினிமா கிடையாது. தியேட்டர் வாசலை மிதிக்காத தாய்மார் இன்றும் உண்டு. அது அவர்கள் எடுத்த தீர்மானம். ஆயினும் படம் பார்க்காத பிள்ளைக்கும் படத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' இணையத்தில் நேரடியாக வெளியானபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1993இல் தென்னார்க்காட்டுப் பகுதியில் திருட்டுப் பழி சுமத்தப்பட்டு, காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு என்பவரின் வழக்கைத் தழுவிய படம் அது. அவர் மனைவி பார்வதிக்காக வாதாடிய வழக்கறிஞர் சந்துரு பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். படத்தில் அக்குடும்பம் இருளர் குடும்பமாகக் காட்டப்பட்டது. உண்மையில் அவர்கள் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படம் ஒரு சமூகத்தைக் குறிப்பதாக எதிர்ப்பு எழுந்து, அது பின்னர் மாற்றப்பட்டது.

இவையெல்லாம் விளையாட்டுக் குழுக்களில் இரவெல்லாம் விவாதிக்கப்பட்டன. காவல் நிலையத்தில் ஒருவரை அடிக்கலாமா, உண்மைக் கதையில் சாதியை மாற்றிக் காட்டலாமா, ஒரு நாட்காட்டிக்கு இவ்வளவு கோபமா என்று பதினாறு வயதுப் பிள்ளைகள் கேட்டார்கள். பதில் சொன்னவர்களில் சிலர் நன்றாக அறிந்து பேசினார்கள். சிலர் தங்கள் சாதியின் பெருமையை எழுதினார்கள். எதிர்த்தவரின் சாதியைச் சொல்லி வைதார்கள். நம் பிள்ளை இரண்டையும் வாசித்தான். அவன் வீட்டிலோ, சாதி என்ற சொல்லே எடுக்கப்படுவதில்லை. கலியாணப் பேச்சு வரும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். பிள்ளைக்குக் கேட்காமலா இருக்கிறது? வீட்டில் மூடிய பொருளை வெளியில் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றால் அவன் அங்கேதான் போவான்.

சமூகப் பிரச்சினைகளைப் பற்றிய பேச்சு எப்போதும் இவ்வளவு கனமாகத் தொடங்குவதில்லை. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஜூன் 13 அன்று, நிவாரண நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்கள் பலரோடு இணையத்தில் சதுரங்கம் ஆடினார். அதில் ஒரு தொழிலதிபர் ஆனந்தையே தோற்கடித்துவிட்டார்! நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள், இந்த நகர்வுகள் மனிதன் ஆடும் நகர்வுகள் அல்லவே என்று உடனே ஐயம் எழுப்பினார்கள். மறுநாள் அவர் கணினியின் உதவியும் பிறர் உதவியும் பெற்றதாக ஒப்புக்கொண்டார். நல்ல காரியத்துக்காக ஆடும் ஆட்டத்தில், வேடிக்கைக்காகத்தானே என்று ஏமாற்றினால் அது குற்றமா இல்லையா? பலகையில் இருந்த நிலைக்கேற்பத் தாம் ஆடியதாகவும், எல்லாரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் சொல்லி முடித்துவிட்டார். பிள்ளைகள் அத்தோடு முடிக்கவில்லை, நாட்கணக்கில் வாதிட்டார்கள். வகுப்பறையில் ஓர் ஆசிரியர் நேர்மையைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசினாலும் இவ்வளவு சூடான விவாதம் எழுந்திராது.

ஆனால் இந்தக் கூட்டத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு, அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே 2021 ஜூன் மாதத்தில், தடைசெய்யப்பட்ட பப்ஜியை யூடியூபில் நேரலையாக ஆடிக் காட்டிவந்த ஒருவரைச் சென்னைக் காவல்துறை தருமபுரியில் கைது செய்தது. பெண்களைப் பற்றி வாய்கூசும் சொற்களில் அவர் பேசியதாகப் புகார்கள் குவிந்திருந்தன. அவரைப் பின்தொடர்ந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். அந்த வசைகளை அவர்கள் வேடிக்கையாகக் கேட்டார்கள், பணமும் அனுப்பினார்கள். நேரலையின்போது காணிக்கை போலப் பணம் செலுத்தினால், செலுத்தியவரின் பெயரும் செய்தியும் திரையில் நிறத்தோடு மேலே வரும். யூடியூபில் இதற்கு சூப்பர் சாட் என்று பெயர். தன் பெயரை அந்த 'அண்ணன்' ஒருமுறை உச்சரிக்க வேண்டும் என்பதற்காகத் தாயின் கைப்பேசியிலிருந்து நூறும் இருநூறுமாக அனுப்பும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் யாரும் பெயர் சொல்லிப் பாராட்டாத பிள்ளைக்கு அந்த ஓர் உச்சரிப்பின் விலை நமக்குத் தெரியாது.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களும் ஆடுகிறார்கள், நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் குரலைத் திறந்தால் போதும், பெண் என்று தெரிந்த மாத்திரத்தில் எண் கேட்பவனும், படம் கேட்பவனும், ஏசுகிறவனும் வந்துவிடுவதால், பலர் ஆண் பெயரில் ஆடி, மைக்கை மூடியே வைத்திருக்கிறார்கள். தனிச் செய்தியில் முதலில் அன்பாய்ப் பேசி, பின் படம் கேட்டு, படத்தை வைத்து மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். மிரட்டலுக்கு உள்ளாகும் பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், முதலில் பயப்படுவது மிரட்டுகிறவனுக்கு அல்ல, அப்பாவுக்கு. "உனக்கு ஏன் அந்த வேலை?" என்று அடி விழும், போன் பறிபோகும், சபையில் தெரிந்துவிடும் என்று எண்ணியே மேலும் மேலும் சிக்கிக்கொள்கிறார்கள். இத்தகைய நிலை வந்தால் செய்திகளை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, 1930 என்ற எண்ணிலோ குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணிலோ அழைக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவரிடம் அப்படிப்பட்ட படம் கேட்பவன் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்கீழ் குற்றவாளி. நம் பிள்ளை குற்றவாளி அல்ல.

பணத்தைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். பெற்றோர் பலர் எல்லாவற்றையும் 'கேம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால், பிள்ளை கிரிக்கெட் விளையாட்டு ஆடுகிறானா, கிரிக்கெட்டில் பந்தயம் கட்டுகிறானா என்பது தெரியாமல் போகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, அம்மாதம் 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி செய்யும் அச்சட்டம், போட்டி விளையாட்டுகளையும் பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் தடுக்கவில்லை. ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாடு தனக்கென்று இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலிலேயே ஆளுநரின் ஒப்புதல் பெற்றது என்றாலும், மகாராஷ்டிரத்திலும் தில்லியிலும் வாழும் நமக்கு அது பொருந்தவில்லை. ரம்மியில் கூலியைத் தொலைத்த குடும்பங்கள் நம் நடுவே இருந்ததை அறிவோம். எனவே பிஜிஎம்ஐ ஆடும் மகனைச் சூதாடி என்று ஏசாதீர்கள். அதே வேளையில் குழுவில் யாராவது "இந்தச் செயலியில் நூறு போட்டால் ஆயிரம்" என்று இணைப்பு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட குழுவிலிருந்து அன்றே வெளியேறச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

நீண்ட நேரம் ஆடுவதெல்லாம் நோயா என்று கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் சேர்க்கப்பட்டிருப்பது உண்மையே. ஆயினும் அதற்குரிய இலக்கணம் கடுமையானது. தன்னால் நிறுத்த இயலாமை, உணவு, படிப்பு, உறவு எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைப்பது, தீங்கு கண்கூடாகத் தெரிந்தும் தொடர்வது ஆகிய யாவும் பொதுவாக ஓராண்டுக் காலம் நீடித்திருக்க வேண்டும். விடுமுறையில் நான்கு மணி நேரம் ஆடும் பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சூட்டுவது அநியாயம். பள்ளிக்குப் போக மறுத்து, குளிக்காமல், போனை வாங்கினால் பொருட்களை உடைக்கும் பிள்ளையை வெறும் கண்டிப்பால் திருத்திவிடலாம் என்று காத்திருப்பதும் ஆபத்து. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ஷட் கிளினிக் என்ற தனிப் பிரிவு இயங்குகிறது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நடைமுறைக்கு உதவும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். ஆட்டத்தின் நடுவில் போனைப் பிடுங்காதீர்கள். அந்த அரை மணி நேரத்தில் அவனை நம்பி இன்னும் மூவர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அவமானப்பட்ட பிள்ளை அன்று எதையும் உங்களிடம் சொல்லமாட்டான். "இந்த ஆட்டம் முடிந்ததும் சாப்பிட வா" என்றால் வந்துவிடுவான். முடிந்தால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை முழுவதுமாகப் பாருங்கள். எதற்கு அந்த வட்டம் சுருங்குகிறது, பெட்டி ஏன் வானத்திலிருந்து விழுகிறது என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் அவன் ஆசிரியனாகவும் நீங்கள் மாணவராகவும் ஆகிவிடுவீர்கள். அதன்பின் மாடரேட்டர் யார், அவருக்கு என்ன வயது, குழுவில் யாராவது உன்னிடம் தனியாகப் பேசச் சொன்னார்களா என்று கேட்டால் அது விசாரணையாகத் தோன்றாது. அவன் குழுவில் ஒரு படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்ததென்றால், படத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டுத் தீர்மானம். அதிலுள்ள கேள்வியை மட்டும் சாப்பாட்டு வேளையில் எடுத்துப் பேச எந்தத் தடையும் இல்லை. தகப்பன் தன் ஊரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை கண்டவராக இருக்கலாம். அதை மகனிடம் இதுவரை சொல்லியிருக்கமாட்டார். குழுவில் எவனோ ஒருவன் எழுதும் சாதிப் பெருமைக்கு அதைவிட நேரான பதில் எங்கே கிடைக்கும்?

பிள்ளைகளின் விவரங்களைக் காக்க 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் எவரானாலும் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்தே கணக்குத் திறக்க வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. டிஸ்கார்டு 2023 முதல் குடும்ப மையம் என்ற வசதியைத் தருகிறது. அதில் பெற்றோரின் கணக்கையும் பிள்ளையின் கணக்கையும் இணைத்துவிட்டால், பிள்ளை எந்தெந்தக் குழுவில் சேர்ந்தான், யாரைப் புதிதாக நண்பராக்கினான், யாருக்குச் செய்தி அனுப்பினான் என்பது தெரியும். செய்தியில் எழுதியது என்ன என்பது தெரியாது. இணைப்பதற்குப் பிள்ளையின் கைப்பேசித் திரையில் ஒரு கியூஆர் குறியீடு தோன்றும். பெற்றோர் அதைத் தம் கைப்பேசியால் படம் பிடிக்க வேண்டும். அந்தத் திரையைத் திறந்து நம் முன்னால் நீட்ட வேண்டியவன் பிள்ளையே.